முர்சாவில் பக்கம் மாறியவன்

போன வருடம் கரூரில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பழைய விசயமெல்லாம் எழுதுவீங்கன்னு சொன்னாங்க. காசு பாக்கறீங்களா தம்பி?" என்றார். அடுத்த தெருவில்தான் வீடு. பழைய ஃபிலிம் ரோல் டப்பாக்கள் ஏழெட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றைத் திறந்து செய்தித்தாள்மேல் கொட்டினார். கறுத்து, பச்சை பூத்து, ஓரம் தேய்ந்த செப்புக் காசுகள். அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுப்பவர்களிடம் முப்பது வருடமாக ஒன்றிரண்டாக வாங்கியவையாம்.

"இதெல்லாம் ரோமுங்க. தங்கம்னா ஆளுக்கு ஆள் பாக்க வருவாங்க. செம்பை யாருங்க பாக்கறா?"

கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு காசை லென்ஸுக்கு அடியில் வைத்தார். எழுத்து முக்கால்வாசி போய்விட்டது, படம் மட்டும் மிச்சம். ஒரு சிப்பாய் நின்றபடி ஈட்டியைக் கீழ்நோக்கிக் குத்துகிறான். ஒரு குதிரை முன்னங்கால் மடிந்து சரிகிறது. அதன்மேல் இருப்பவன் திரும்பிப் பார்த்து, 'விட்டுவிடு' என்பதுபோல ஒரு கையைத் தூக்குகிறான். கொஞ்சம் முறைத்துப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் கண்ணைவிட்டுப் போகாது.

இந்தப் படத்தைப் பெருமளவில் அடித்தவன் இரண்டாம் கான்ஸ்டன்ஷியஸ் என்ற ரோமப் பேரரசன். சுற்றிலும் இருக்கவேண்டிய வாசகம் 'ஃபெல் டெம்ப் ரெபரேஷியோ'. நல்ல காலம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். விழுகிறவன் அந்நியன், குத்துகிறவன் ரோமன். அரசாங்கம் மக்கள் கையில் கொடுத்த படம் இது.

ஆனால் அந்தக் காலத்தில் குதிரையும் ஈட்டியும் முடிவுகட்டிய பெரிய போர் அந்நியனோடு நடந்ததல்ல. கி.பி. 351, செப்டம்பர் 28. இன்றைய குரோவேஷியாவில் ஓசியெக் என்ற ஊர், அன்றைக்கு அதன் பெயர் முர்சா. டிராவா ஆற்றங்கரைச் சமவெளியில் ரோமப் படையும் ரோமப் படையும் மோதின. இரண்டு பக்கமும் ஒரு பேரரசன். அந்தப் போரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் ஒரே ஆளிடம் போய் நிற்கிறது. அவன் பேரரசன் இல்லை. போருக்கு முன்னால் பக்கம் மாறிய ஒரு குதிரைப்படை அதிகாரி.

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடுவோம். தாத்தா பெயரையே எல்லாப் பேரன்களுக்கும் வைத்த வீடு மாதிரி இது. அப்பா கான்ஸ்டன்டைன், கிறிஸ்தவத்தை அரண்மனைக்குள் கொண்டுவந்தவர். அவர் 337-இல் இறந்ததும் நெருங்கிய ஆண் உறவினர்களில் பலரைப் படை வெட்டிப்போட்டது. மூன்று மகன்கள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்தவன் 340-இல் கடைசித் தம்பியின் நாட்டின்மேல் படையெடுத்துப் போய்ச் செத்தான். மிச்சம் இரண்டு பேர். கிழக்கில் கான்ஸ்டன்ஷியஸ், மேற்கில் தம்பி கான்ஸ்டன்ஸ்.

தம்பியின் கதை முடிந்தது ஒரு விருந்தில். 350 ஜனவரி 18, பிரான்சில் இன்றைக்கு ஓத்தன் என்று சொல்லப்படும் ஊர். கான்ஸ்டன்ஸின் கருவூல அதிகாரி மார்செல்லினஸ் தன் மகனின் பிறந்தநாளுக்குப் பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்திருந்தான். சாப்பாடும் குடியும் நள்ளிரவு வரை நீண்டது. படைத்தளபதி மக்னென்ஷியஸ் ஏதோ அவசரத்துக்குப் போவதுபோல எழுந்து வெளியே போனான். திரும்பி வந்தபோது உடம்பில் பேரரசனின் ஊதா உடை. விருந்தினர்கள் கைதட்டினார்கள், பேரரசனே என்று கூப்பிட்டார்கள். வேட்டையில் இருந்த கான்ஸ்டன்ஸ் ஸ்பெயின் பக்கம் ஓடினான். பிரனீஸ் மலையடிவாரத்தில் பிடித்துக் கொன்றார்கள். கொன்ற ஊரின் பெயர் ஹெலனா, அவனுடைய பாட்டியின் பெயர்.

கிழக்கில் அண்ணனுக்குத் தகவல் போனபோது அவன் பாரசீக மன்னன் இரண்டாம் ஷாபூரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நிசிபிஸ் கோட்டையை ஷாபூர் மூன்றாவது முறையாக முற்றுகையிட்டு, முடியாமல் விட்டுப்போனான். அந்த மூச்சு கிடைத்த பிறகுதான் கான்ஸ்டன்ஷியஸ் மேற்கே திரும்பினான்.

வழியில் இன்னொரு பேரரசன் முளைத்திருந்தான். டான்யூப் படையின் கிழத் தளபதி வெட்ரானியோ. பேரரசன் ஆன பிறகுதான் எழுத்துக்கூட்டப் படித்தான் என்று அவனைப்பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். 350 டிசம்பர் 25-ஆம் தேதி, இன்றைய செர்பியாவில் உள்ள நிஷ் நகரில், இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். எதிரே இரண்டு பேருடைய படைகளும் கலந்து நின்றன. கான்ஸ்டன்ஷியஸ் பேசினான். என் அப்பாவுக்கு நீங்கள் செய்த சத்தியம் என்ன, அவர் பிள்ளையைக் கொன்றவனை விட்டுவிடப்போகிறீர்களா என்று. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. கிழவர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஊதா உடையைத் தானே கழற்றினார். கான்ஸ்டன்ஷியஸ் அவரை எழுப்பி, அப்பா என்று கூப்பிட்டு, தன்னோடு உட்காரவைத்துச் சாப்பிட வைத்தான். பிறகு ஓய்வூதியம் மாதிரி ஏற்பாடு செய்து புரூசா நகருக்கு அனுப்பிவைத்தான். ஆறு வருடம் நிம்மதியாக இருந்து படுக்கையில் செத்தார். இந்தக் கதையில் வரும் பெரிய மனிதர்களில் அந்தப் பாக்கியம் வாய்த்தவர்கள் மிகக் குறைவு.

ரத்தம் சிந்தாத வெற்றி. ஆனால் கூடவே ஒரு பாடத்தையும் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. படை ஒரு பேச்சில் மாறும், மாறியவனுக்குப் பரிசு உண்டு.

அடுத்த வருடம் மக்னென்ஷியஸ் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தான். கான்ஸ்டன்ஷியஸின் முன்னணிப் படை ஒரு கணவாயில் அவனிடம் நன்றாக அடிவாங்கியது. நடுவே சமாதானம் பேச பிலிப்பஸ் என்ற மூத்த அதிகாரியை எதிர்முகாமுக்கு அனுப்பினார்கள். அவர் சிப்பாய்களைப் பார்த்தே பேசினார். ரோமர்கள் ரோமர்களை வெட்டுவது நியாயமா, கான்ஸ்டன்டைனோடு நீங்கள் பார்த்த வெற்றியெல்லாம் மறந்துபோயிற்றா என்றார். கூட்டம் அசைந்தது என்றே தெரிகிறது. மக்னென்ஷியஸ் பதறிப்போய் அவரை முகாமிலேயே பிடித்து வைத்துக்கொண்டான்.

பேச்சு பலிக்காத இடத்தில் வேறு ஏதோ பலித்தது. மக்னென்ஷியஸிடம் சில்வானஸ் என்று ஓர் அதிகாரி இருந்தான். பிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தவன். அவன் அப்பா போனிட்டஸ், கான்ஸ்டன்டைனுக்காக ஓர் உள்நாட்டுப் போரில் தீவிரமாகச் சண்டை போட்டவர். சில்வானஸ் தன் கீழிருந்த குதிரைப்படையை அப்படியே ஓட்டிக்கொண்டு முர்சாவுக்குக் கொஞ்சம் முன்னால் கான்ஸ்டன்ஷியஸ் பக்கம் வந்துவிட்டான். எதற்கு மாறினான் என்பதற்கு அவன் வாய்மொழி எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. அப்பாவின் விசுவாசமாக இருக்கலாம், கணக்காகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டும்தான். எண்ணிக்கையில் ஏற்கெனவே குறைவாக இருந்த மக்னென்ஷியஸுக்கு, போருக்கு முன்னால் குதிரைகள் போவது என்றால் சும்மாவா.

சண்டை முர்சாவில் ஏன் என்பதற்கு நிலவரைபடத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். இத்தாலியிலிருந்து கிழக்கே வரும் பெருஞ்சாலைகள் டிராவா, சாவா ஆறுகளின் நடுவே உள்ள சமவெளியில் இறங்கித்தான் போகவேண்டும். அங்கிருந்து ஒருநாள் நடையில் கிபாலே. கான்ஸ்டன்டைன் ஒரு போட்டிப் பேரரசனைத் தோற்கடித்த களம் அது. மகனும் அங்கேயே சண்டையை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். அதற்குள் மக்னென்ஷியஸ் முர்சாவின் வாசலுக்கு வந்து கதவுக்கு நெருப்பு வைத்தான். ஊர்க்காரர்கள் மதில்மேலிருந்து தண்ணீரும் கல்லும் கொட்டினார்கள். கான்ஸ்டன்ஷியஸ் ஊரைக் காப்பாற்ற ஓடிவர வேண்டியதாயிற்று.

ஊருக்கு வெளியே ஒரு விளையாட்டரங்கு இருந்தது. ஒருகாலத்தில் வாள்வீரர்கள் மோதிய இடம், அப்போது கவனிப்பாரற்று மரம் மண்டிக் கிடந்தது. மக்னென்ஷியஸ் அதற்குள் காலியாவைச் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) சேர்ந்த நான்கு அணிச் சிப்பாய்களை ஒளித்துவைத்தான். சண்டை மும்முரமானதும் பின்னாலிருந்து பாயவேண்டும் என்று திட்டம். மதில்மேல் நின்ற ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். உடனே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். ஸ்குடிலோ என்ற அதிகாரி வில்லாளிகளோடு வந்து அரங்கின் மேல்படிகளைப் பிடித்தான், கீழே கதவுகளை அடைத்தான். அப்புறம் நடந்தது சண்டையே இல்லை. உள்ளே இருந்தவர்கள் கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கதவை முட்டித் திறக்கப் பார்த்தார்கள். மேலிருந்து அம்பு வந்துகொண்டே இருந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

போரைப்பற்றிச் சொல்கிறவர்கள் யாரும் களத்தில் நின்றவர்கள் இல்லை. இந்த அரங்குக் கதையை எழுதிய ஸோசிமஸ் நூற்றைம்பது வருடம் பிந்தியவர். அணிவகுப்பை விவரிக்கும் ஜூலியன், கான்ஸ்டன்ஷியஸின் சித்தப்பா மகன். சில வருடம் கழித்துப் பேரரசனைப் புகழ்ந்து எழுதிய உரையில்தான் அதைச் சொல்கிறான். (புகழ்ந்தவனே பிற்பாடு அண்ணனுக்கு எதிராகப் பேரரசன் ஆனவன்தான். இந்தக் குடும்பத்தில் அது சகஜம்.) அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் படம் ஓரளவு தெளிவு. கான்ஸ்டன்ஷியஸ் வலப்பக்கம் ஆற்றை வைத்துக்கொண்டு இடது அணியை நீளமாக நீட்டினான். அந்தப் பக்கக் குதிரைப்படை மக்னென்ஷியஸின் வரிசையைச் சுற்றி வளைத்தது. அதில் பாரசீகப் பாணியில் தலையிலிருந்து கால்வரை இரும்பு போர்த்திய குதிரைவீரர்கள் இருந்தார்கள். முகத்துக்கும் இரும்பு மூடி, விரலுக்கும் இரும்பு உறை. மனிதர்களா சிலைகளா என்று பார்த்தவர்கள் மலைத்திருக்கிறார்கள்.

வரிசை உடைந்தது, ஆனால் சிப்பாய்கள் உடையவில்லை. காலியர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி நின்று வெட்டினார்கள். இருட்டியது. நிறுத்தவில்லை. கான்ஸ்டன்ஷியஸ் பக்கம் மெனெலாஸ் என்று ஆர்மேனியக் குதிரை வில்லாளிகளின் தலைவன் ஒருவன், ஒரே இழுப்பில் மூன்று அம்பு விடுவான் என்று பெயர். அவன் விட்ட அம்பு மக்னென்ஷியஸின் தளபதி ரோமுலஸைத் தைத்தது. ரோமுலஸ் களத்தைவிட்டுப் போகவில்லை. அம்போடு தேடிப்போய் மெனெலாஸைக் கொன்ற பிறகுதான் விழுந்தான். இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே சாம்ராஜ்யம்.

பிறந்தநாள் விருந்து வைத்த மார்செல்லினஸ் அன்று இரவு காணாமல் போனான். உடலும் கிடைக்கவில்லை. ஆற்றில் போயிருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். மக்னென்ஷியஸ் தன் குதிரைமேல் பேரரசச் சின்னங்களைக் கட்டித் தனியாக ஓடவிட்டு, செத்துவிட்டான் என்று நினைக்கவைத்துத் தப்பினான் என்றொரு கதை உண்டு.

செத்தவர்கள் எத்தனை? கான்ஸ்டன்ஷியஸின் 80,000 பேரில் 30,000, மக்னென்ஷியஸின் 36,000 பேரில் 24,000 என்று ஸோனராஸ் எழுதுகிறார். அவர் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். எண்ணூறு வருடம் கழித்துக் கிடைத்த கணக்கை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் கணக்கில் அதிகம் செத்தது ஜெயித்தவன் பக்கம். அந்தத் தலைமுறையிலேயே வாழ்ந்த யூட்ரோப்பியஸ் எண் எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ வெளிநாட்டுப் போர்களுக்குப் போதுமான படை அங்கே அழிந்தது என்று மட்டும் எழுதுகிறார். எனக்கு அது போதும்.

விடிந்ததும் கான்ஸ்டன்ஷியஸ் ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தான். சமவெளியும் ஆறும் பிணமாகக் கிடந்ததைப் பார்த்து அழுதான், இரு பக்கத்தவரையும் புதைக்கவும் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கவும் சொன்னான் என்றும் ஸோனராஸே எழுதுகிறார். இதை நம்ப எனக்குத் தயக்கம் இல்லை. வெட்ரானியோவை அப்பா என்று கூப்பிட்டவன்தானே.

(ஓசியெக்கில் 2011-இல் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது ஏழு ஆண்களின் எலும்புக்கூடுகள் முழுசாகக் கிடைத்தன. நம் போர்தான் என்று நான் ஆசையாகப் படித்தேன். இல்லை. அது 3-ஆம் நூற்றாண்டு. 260-இல் இதே ஊரில், இதேபோல ரோமனும் ரோமனும் மோதிய இன்னொரு போரோடு அதைச் சேர்க்கிறார்கள்.)

சரி, போர் நடக்கும்போது பேரரசன் எங்கே இருந்தான்? ஊருக்கு வெளியே ஒரு கோயிலில், வேதசாட்சிகளின் நினைவுக்காகக் கட்டிய தேவாலயத்தில், ஜெபம் செய்துகொண்டிருந்தான் என்கிறார் சுல்பிசியஸ் செவெரஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர். பக்கத்தில் முர்சாவின் ஆயர் வாலன்ஸ். இந்த வாலன்ஸ் விவரமான ஆள். களத்துச் சேதி தனக்கு முதலில் வந்துசேரும்படி வழியெங்கும் தன் ஆட்களை நிறுத்தியிருந்தாராம். எதிரி ஓடுகிறான் என்று தெரிந்ததும் பேரரசனிடம் போய்ச் சொன்னார். யார் சொன்னது, ஆளைக் கூப்பிடு என்றான் கான்ஸ்டன்ஷியஸ். ஒரு தேவதூதர் வந்து சொன்னார் என்றார் வாலன்ஸ். அன்றிலிருந்து, தான் ஜெயித்தது படையின் வீரத்தால் இல்லை, வாலன்ஸின் புண்ணியத்தால் என்று பேரரசன் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

செவெரஸுக்கு வாலன்ஸைப் பிடிக்காது. வாலன்ஸ் ஏரியன் பக்கத்தவர், அதாவது கிறிஸ்து பிதாவுக்குச் சமமல்ல என்ற கிறிஸ்தவப் பிரிவு. செவெரஸ் எதிர்ப்பக்கம். அதனால் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்திருப்பார். ஆனாலும் அடுத்த பத்து வருடம் வாலன்ஸ் அரண்மனையில் செல்வாக்கோடு இருந்ததும், அவர் பக்கத்துக்குச் சாதகமாக ஆயர் மன்றங்கள் வளைக்கப்பட்டதும் நடந்தவை. இந்தப் போரைக் கிறிஸ்தவத்துக்கும் பழைய சமயத்துக்கும் நடந்த சண்டை என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். மக்னென்ஷியஸின் கடைசிக் காசுகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய்வராது. கிறிஸ்துவின் பெயர்ச்சின்னத்தைக் காசின் முழு அகலத்துக்கு, ஆல்ஃபா ஒமேகாவோடு அடித்தவன் அவன்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்னென்ஷியஸ் இத்தாலிக்கும் பிறகு காலியாவுக்கும் பின்வாங்கினான். 353-இல் மோன்ஸ் செலூக்கஸ் என்ற இடத்தில் மறுபடி தோற்றான். ஆகஸ்ட் 10-ஆம் தேதி லியோனில் தற்கொலை செய்துகொண்டான். ரைன் எல்லையில் நிற்கவேண்டிய படை டிராவாவில் கிடந்ததால், அலமன்னிகள், பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் காலியாவுக்குள் இஷ்டத்துக்கு வந்துபோனார்கள்.

அந்த எல்லையைச் சரிபண்ண கான்ஸ்டன்ஷியஸ் அனுப்பிய தளபதி யார்? சில்வானஸ். பக்கம் மாறியதற்குப் பரிசாகக் காலாட்படைத் தலைமை. ஆனால் ஒருமுறை எஜமானை விட்டு வந்தவன் இன்னொரு முறை வரமாட்டானா என்ற சந்தேகம் பேரரசனுக்கு இருந்துகொண்டே இருந்தது. சில்வானஸுக்கும் அது தெரியும்.

இங்கிருந்துதான் நமக்கு நேரில் பார்த்த சாட்சி கிடைக்கிறது. அம்மியானஸ் மார்செல்லினஸ், படை அதிகாரி, பெரிய வரலாற்றாசிரியர். இலங்கையிலிருந்து ரோமப் பேரரசனுக்குப் பரிசுகளோடு தூதர்கள் வந்ததை, 'செரெண்டிவி' என்ற பெயரில் ஒரு வரி எழுதியவரும் அவர்தான். அவர் நூலின் முதல் 13 பாகங்கள் தொலைந்துபோய்விட்டன. மிச்சம் இருப்பது 353-இல் தொடங்குகிறது. முர்சாவை இரண்டு வருடத்தில் தவறவிட்டோம்.

கடுதாசியில் ஆரம்பித்தது சில்வானஸின் கேடு. பேரரசனின் பொதிமாடு குதிரைகளுக்குக் கணக்கு எழுதும் டைனமியஸ் என்ற குமாஸ்தா, நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுங்கள் என்று சில்வானஸிடம் கேட்டு வாங்கினான். ஈரத்தால் எழுத்தை எல்லாம் துடைத்தான். அடியில் கையெழுத்தை மட்டும் விட்டுவைத்தான். மேலே ராஜதுரோக வாசகத்தை எழுதினான். அது பெரிய அதிகாரிகள் வழியாக மிலானில் பேரரசனின் கைக்குப் போனது. விசாரணை, கைது உத்தரவு எல்லாம் கிளம்பியது. சதி வெளிப்பட்டது வேடிக்கையாகத்தான். கூடுதல் ஆதாரத்துக்காக இன்னொரு போலிக் கடிதத்தை கிரெமோனா ஆயுதச்சாலையின் அதிகாரிக்கு அனுப்பினார்கள். அந்த மனிதர் படித்துப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. சில்வானஸோடு சேர்ந்து எழுதியதாகச் சொல்லப்பட்ட மலாரிக்கஸ் என்ற அதிகாரிக்கே திருப்பி அனுப்பி, நீங்கள் என்ன சொல்லவருகிறீர்கள், விளக்கமாக எழுதுங்கள் என்று கேட்டார்.

குட்டு உடைந்தது. ஆனால் கொலோன் நகரில் இருந்த சில்வானஸுக்கு அது தெரியாது. பேரரசன் தன்னைக் கேட்காமலே கொன்றுவிடுவான் என்று அவனுக்கு நிச்சயம். சொந்த இனத்தாரிடம் ஓடலாமா என்றால், பிராங்குகள் உன்னைக் கொல்வார்கள் அல்லது காசு வாங்கிக்கொண்டு பிடித்துக்கொடுப்பார்கள் என்றான் ஒரு பிராங்க் நண்பன். இனிமேல் மாறிப்போக ஒரு பக்கம் மிச்சம் இல்லை. படைக்கொடிகளிலிருந்து ஊதாத் துணியைக் கிழித்துப் போர்த்திக்கொண்டு, 355 ஆகஸ்டில் சில்வானஸ் தன்னைப் பேரரசன் என்று அறிவித்தான்.

மிலானில் நள்ளிரவில் சபை கூடியது. உர்சிசினஸ் என்ற தளபதியை ஒரு சிறு குழுவோடு அனுப்பினார்கள். குழுவில் அம்மியானஸும் ஒருவர். நீ பேரரசன் ஆனது எங்களுக்கே தெரியாது என்பதுபோல நடிக்கவேண்டும் என்று ஏற்பாடு. போனார்கள், ஊதா உடைக்கு முன்னால் வணங்கினார்கள், விருந்து சாப்பிட்டார்கள். சில்வானஸ் உர்சிசினஸிடம் மனம்விட்டுப் பேசினான். தகுதியே இல்லாதவனெல்லாம் மேலே போகிறான், நீயும் நானும் மாடாய் உழைத்து என்ன கண்டோம் என்றான். அதே நாட்களில் இவர்கள் சிப்பாய்களுக்குள் விலைபோகக்கூடிய ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தன் பங்கை அம்மியானஸ் மறைக்கவில்லை, பயந்துகொண்டே செய்தோம் என்கிறார்.

ஒருநாள் விடியற்காலை, சில்வானஸ் கிறிஸ்தவ ஜெபக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆயுதம் ஏந்திய கூட்டம் காவலரை வெட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அவன் சின்னக் கோயில் ஒன்றுக்குள் போய் ஒளிந்தான். அங்கிருந்து இழுத்துவந்து மாறி மாறிக் குத்தினார்கள். பேரரசனாக இருந்தது 28 நாள்.

உர்சிசினஸுக்குப் பாராட்டுக் கடிதம் எதுவும் வரவில்லை. வந்த கடிதத்தில், காலியாவின் கருவூலத்தில் பணம் குறைகிறதே, யார் எடுத்தது என்று கேட்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை என்கிறார் அம்மியானஸ். படையின் கணக்கரை உட்காரவைத்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு.